பீரோவில் கெட்டுப்போன நீர்வண்ணத் தாள்: 42 பட்டைகளும் ஒரு கிண்ணம் ஜெலட்டினும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து ஒரு வானம் போட்டேன். அல்ட்ராமரைன் நீலம், மேலே அடர்த்தியாக ஆரம்பித்துக் கீழே வரவர நீர்த்துப்போகும் சாதாரண வாஷ்தான், அதாவது தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது. ஒரு புள்ளிகூட விழாமல் சீராக இறங்கியது. நான்கு மாதத்துக்கு முன்பு இதே கட்டுத் தாளில் இதே நீலம் பூசியபோது மிளகுத்தூளைத் தூவினதுபோல் வானம் முழுக்கக் கரும்புள்ளி. இடையில் என்ன நடந்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். கடலோர ஊர்களில் இருந்துகொண்டு நீர்வண்ணம் போடுகிற யாருக்காவது இது பணத்தையும் ஒரு மழைக்காலத்தையும் மிச்சப்படுத்தும் என்று நினைக்கிறேன்.

டிசம்பரில் மழை விட்ட ஒரு நாள் கெடிலம் ஆற்றங்கரையில் ஒரு படம் ஆரம்பித்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு மொத்தமாக வாங்கிய பருத்தித் தாள், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்), அரைத்தாள் அளவு, அதாவது 38க்கு 56 செ.மீ. தாள் ஒன்று 140 ரூபாய் என்று இருபது வாங்கி, நல்ல படத்துக்கு ஆகட்டும் என்று பீரோவில் பத்திரப்படுத்தியிருந்தேன். வானம் பூசினதும் புள்ளி புள்ளியாக, சில இடத்தில் திட்டுத் திட்டாக நீலம் உறிஞ்சிக்கொண்டது. உடனே எனக்குப் பட்டது வண்ணம் கெட்டுவிட்டது என்பதுதான். டியூபும் இரண்டு வருடம் பழசு. 240 ரூபாய் கொடுத்துப் புது அல்ட்ராமரைன் வாங்கினேன். அதே புள்ளி. அடுத்து தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. கேன் தண்ணீர் வைத்துப் பூசினேன். அதே புள்ளி. தூரிகையில் சோப்பு மிச்சம் இருக்குமோ என்று அதையும் மாற்றினேன். இப்படியே மூன்று தாள் போனது.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஊகிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆறு நிறம், ஏழு வகைத் தாள்.

நிறங்களைக் கையில் இருப்பதெல்லாம் என்று எடுக்கவில்லை. டியூபின் மேல் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் பார்த்து, ஒவ்வொன்றும் வேறு வேறு குணமுள்ளதாகப் பொறுக்கினேன். அல்ட்ராமரைன், குறியீடு பிபி 29: இது குருணையாக இறங்கும், தாளின் பள்ளங்களில் போய் உட்காரும். தாலோ நீலம், பிபி 15: இதற்கு நேர்மாறு, மிக நுண்ணிய துகள், பட்டால் கறைபோல் ஏறிவிடும். குவினாக்ரிடோன் ரோஸ், பிவி 19. அலிசரின் கிரிம்சன், பிஆர் 83. வெயிலில் வெளுக்கும் என்று பெயரெடுத்தது, அதைக் கண்ணால் பார்க்கவே சேர்த்தேன். பர்ன்ட் சியன்னா, பிபிஆர் 7, மண் நிறம். கடைசியாக லெமன் மஞ்சள், பிஒய் 3. வண்ணத்தின் விற்பனைப் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற வாய்ப்பு உண்டு. ஒரே பெயரில் வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு நிறமியைப் போடும், சில டியூபில் மூன்று நிறமி கலந்திருக்கும். சோதனைக்கு ஒற்றை நிறமி உள்ளதுதான் சரிப்படும்.

தாள்கள்: வீட்டில் இருந்த 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் டிராயிங் ஷீட், சுமார் 130 ஜிஎஸ்எம். மரக்கூழில் செய்த 300 ஜிஎஸ்எம் நீர்வண்ண நோட்டு, ஏ4, பன்னிரண்டு தாள் 320 ரூபாய். பீரோவில் இருந்த பழைய பருத்தித் தாள். அதே நிறுவனத்தின் அதே தாள், புதிதாக வாங்கியது ஒன்று. புதுச்சேரியில் வாங்கிய கையால் செய்த பருத்திக் காகிதம். கடைசியாக ஆர்ஷ் தாளில் ஹாட் பிரஸ், அதாவது வழவழப்பான ரகம், ஒரு நண்பர் கொடுத்த கால் தாள். ஆர்ஷ் ஆலை பிரான்சில் வோஜ் பகுதியில் 1492-லிருந்து இருக்கிறது, இன்றும் தாளுக்குப் பசையாக ஜெலட்டின்தான் ஏற்றுகிறார்கள். இந்த ஜெலட்டின் விஷயம் பின்னால் வரும்.

அந்த ஐந்தாவது தாளை, பழையதற்கு ஜோடியான புதுத் தாளை, வாங்கியதற்குப் பெரிய யோசனை ஒன்றும் இல்லை. பழையது போதுமான அளவு மிச்சம் இருக்காதோ என்ற பயத்தில் வாங்கினேன். ஆனால் மொத்தச் சோதனையும் அந்த ஒரு தாளால்தான் பயன்பட்டது.

முதல் சுற்று முழுக்க வீண். 42 பட்டை வெட்டி, ஒவ்வொன்றும் 5க்கு 14 செ.மீ., பிளைவுட் பலகையில் மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டி, வண்ணத்தைக் கண் அளவில் கரைத்துப் பூசிக்கொண்டே போனேன். முடித்துவிட்டுப் பார்த்தால் முதல் தாளில் உள்ள நீலமும் ஏழாவது தாளில் உள்ள நீலமும் ஒரே அடர்த்தி இல்லை. கிண்ணத்தில் தண்ணீர் வற்ற வற்ற வண்ணம் கெட்டியாகியிருக்கிறது. தலைக்கு மேல் ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த பட்டைகள் பத்து நிமிடத்தில் காய, ஓரத்தில் இருந்தவை அரை மணி நேரம் ஈரமாகக் கிடந்தன. ஓரம் கறுத்திருப்பது தாளின் குணமா ஃபேன் காற்றா என்று சொல்லவே முடியவில்லை. போதாததற்கு எந்தப் பட்டை எந்தத் தாள் என்று டேப்புக்கு மேலேயே எழுதியிருந்தேன். டேப்பை உரித்தபோது பெயரும் கூடவே போய்விட்டது. 42-ஐயும் கட்டி வைத்துவிட்டேன், ஓரங்களைத் தூரிகை துடைக்கப் பயன்படுத்துகிறேன்.

இரண்டாவது சுற்றுக்கு மருந்துக் கடையில் 5 மி.லி. சிரிஞ்சு 8 ரூபாய்க்கு வாங்கினேன். நகை எடை போடும் சின்னத் தராசு 350 ரூபாய், 0.1 கிராம் வரை காட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் அரை கிராம் வண்ணம், 5 மி.லி. தண்ணீர். அரை கிராம் என்பது டியூபிலிருந்து பிதுக்கினால் பெரிய குன்றிமணி அளவு வரும். மூடியுள்ள மாத்திரை டப்பாக்களில் கரைத்து வைத்து, ஒவ்வொரு பட்டைக்கு முன்பும் குலுக்கிக்கொண்டேன். அல்ட்ராமரைன் இரண்டு நிமிடத்தில் அடியில் தங்கிவிடும், குலுக்காவிட்டால் முதல் பட்டைக்குத் தண்ணீரும் கடைசிப் பட்டைக்கு மண்டியும்தான் கிடைக்கும். அரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்றே ஒன்று. ஃபேன் நிறுத்தம். பெயரைத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன். மாஸ்கிங் டேப்பை முதலில் சட்டையில் ஒருமுறை ஒட்டி எடுத்து ஒட்டினால் பிசின் கொஞ்சம் குறையும், தாளின் தோல் உரியாது. கையால் செய்த காகிதத்துக்கு இதைச் செய்யாமல் விட்டால் கட்டாயம் உரியும், முதல் சுற்றில் பார்த்துவிட்டேன்.

வண்ணம் பூசுவதற்கு முன் ஒவ்வொரு வெறும் தாளிலும் சிரிஞ்சால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, தாள் அதை உறிஞ்ச எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைபேசியில் பார்த்துக்கொண்டேன். ஏதோ ஒப்புக்குச் செய்த வேலை இது. ஆர்ஷில் எட்டு நிமிடம் கழித்தும் சொட்டு முத்துபோல் நின்றது. புதுப் பருத்தித் தாளில் ஆறு நிமிடத்துக்கு மேல். மரக்கூழ் நோட்டிலும் ஐந்து நிமிடம் தாண்டியது. ஜெராக்ஸ் தாளில்கூட சொட்டு நின்றது, ஆனால் அடியில் தாள் கொப்புளம்போல் உப்பிக்கொண்டது. டிராயிங் ஷீட் இரண்டு நிமிடம். கையால் செய்த காகிதம் ஒன்றரை நிமிடம். பீரோவிலிருந்த பழைய பருத்தித் தாள் இருபது விநாடி. அதுவும் வட்டமாக இறங்காமல், ஓரம் பிய்ந்துபோன மாதிரி அங்கங்கே கால் நீட்டிக்கொண்டு இறங்கியது.

இதைக் குறித்து வைத்தேனே ஒழிய அன்றைக்கு அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை. வண்ணம்தான் கோளாறு என்ற எண்ணம் அவ்வளவு கெட்டியாக இருந்தது.

பூசின பிறகு ஒரு நாள் விட்டுவிட்டேன். நீர்வண்ணம் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம்; ஈரமாக இருக்கும்போது எதையும் தீர்ப்பு சொல்லக்கூடாது. மறுநாள் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

மரக்கூழ் தாளைப் பற்றி எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது. அது தவறு. ஒரே பூச்சில் முடிக்கும் வேலைக்கு அதில் நிறம் பளிச்சென்று நிற்கிறது, குறிப்பாக மஞ்சளும் ரோஸும். வண்ணம் உள்ளே போகாமல் மேலேயே உட்காருவதால் அந்தப் பளிச்சு. அதனாலேயே இரண்டாவது பூச்சு பூசப் போனால் கீழே உள்ளது கரைந்து எழுந்து வருகிறது, ரோஸுக்கு மேல் நீலம் பூசின இடம் சேறாகிவிட்டது. கறை பிடிக்கும் என்று சொன்ன தாலோ நீலத்தைக்கூட ஈரத் தூரிகையால் பத்து முறை தேய்த்து டிஷ்யூவால் ஒற்றினால் முக்கால்வாசி எடுத்துவிட முடிந்தது. புதுப் பருத்தித் தாளில் அதே பத்துத் தேய்ப்புக்கு நீலம் அசையவே இல்லை, லேசாக வெளிறியதோடு சரி. ஆனால் அதன் மேல் மூன்று பூச்சு போட்டாலும் அடிப்பூச்சு கலங்கவில்லை. ஆக, தப்பை அழித்து அழித்துக் கற்றுக்கொள்கிறவருக்கு மரக்கூழ் தாள் நல்ல துணை, அடுக்கடுக்காகப் பூசிப் பழகினவருக்குப் பருத்திதான்.

ஆர்ஷ் ஹாட் பிரஸில் அல்ட்ராமரைன் குருணை விழவில்லை என்றே சொல்லலாம். தங்குவதற்குப் பள்ளம் இல்லை. தூரிகை போன தடம் அப்படியே தெரிந்தது, கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் ஓரத்தில் காலிஃபிளவர்போல் நெளிநெளியான கறை பூத்துவிட்டது. இலை, பூ, நுணுக்கமான கோடு வரைகிறவர்களுக்கு அது அருமையான தாள், என் வானத்துக்கும் ஆற்றுக்கும் அது வேண்டாம். அதே அல்ட்ராமரைன் புதுப் பருத்தித் தாளின் சொரசொரப்பில் ஈர மணல்போல் இறங்கியிருந்தது. அந்தப் பட்டையை மட்டும் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், அவ்வளவு அழகு. கையால் செய்த காகிதத்தில் எல்லா நிறமும் ஒரு படி மங்கி, சுண்ணாம்புச் சுவரில் பூசினதுபோல் மென்மையாக இருந்தது. பர்ன்ட் சியன்னா அதில்தான் மிக நன்றாக வந்தது. தேய்த்து எடுக்க மட்டும் முடியாது, நார் எழுந்துவிடும். ஜெராக்ஸ் தாளும் டிராயிங் ஷீட்டும் நெளிந்து போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நான்காவது வரிசை, பழைய பருத்தித் தாள். ஆறு நிறத்திலும் புள்ளி. ஆறிலுமே. அல்ட்ராமரைனில் மட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், மஞ்சளில்கூட உற்றுப் பார்த்தால் இருந்தது. பக்கத்து வரிசையில் அதே நிறுவனம், அதே ரகம், அதே எடை, புதுத் தாள்: ஒரு புள்ளி இல்லை. அந்த இரண்டு வரிசையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். 240 ரூபாய் டியூபும் கேன் தண்ணீரும் புதுத் தூரிகையும் தேவையே இருந்திருக்கவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பட்டைகளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் வண்ணத்தைப் பார்க்கவே இல்லை. பழைய தாளின் ஒரு மூலையை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார், புதியதையும் அப்படியே செய்தார், இரண்டையும் என்னிடம் நீட்டினார்.

"நீயும் வச்சுப் பாரு தம்பி. பழசு நாக்குல ஒட்டுதா?"

"ஒட்டுது சார். பிளாட்டிங் பேப்பர் மாதிரி இழுக்குது."

"அவ்வளவுதான். கஞ்சி போன வேட்டி இது. தாள்ல சைசிங் செத்துப்போச்சு. எங்க வச்சிருந்த?"

பீரோவில் என்றேன். கடல் பக்கத்துச் சுவரை ஒட்டின பீரோ. தாள் நனையக்கூடாது என்று பாலித்தீன் உறையில் போட்டு ஒட்டியும் வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். உறைக்குள் போன ஈரம் வெளியே போக வழி இல்லை, மூன்று மழைக்காலம் அதற்குள்ளேயே வெந்திருக்கிறது என்றார்.

சைசிங் என்பது தாளின் நாருக்கு ஏற்றும் பசை. அது இருப்பதால்தான் தண்ணீர் உடனே உள்ளே போகாமல் வண்ணம் மேலே கொஞ்ச நேரம் ஓடுகிறது. ஈரத்தில், பூஞ்சையில், வருடக்கணக்கில் அந்தப் பசை அங்கங்கே அழிந்துபோகும். அழிந்த இடம் வண்ணத்தைக் குடித்துக் கறுக்கும். என் கரும்புள்ளிகள் அவைதான். வீட்டுக்கு வந்து 450 ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கிப் பீரோவுக்குள் வைத்தேன். ஜனவரி கடைசி, மழை நின்று வாரங்கள் ஆகியும் 81 சதவீதம் காட்டியது.

மிச்சம் 14 தாள். போட்ட விலைக்கு 1,960 ரூபாய். தூக்கிப்போட மனம் வரவில்லை. போன பசையைத் திரும்ப ஏற்ற முடியாதா?

முதலில் செய்தது தப்பு, ஆனால் செய்ததற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் கைக் காகிதத்துக்கு அந்தக் காலத்தில் மாவுக் கஞ்சிதான் பூசுவார்கள், பூசி உலர்த்தி வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சிற்றோவியங்கள் எல்லாம் அப்படிப்பட்ட தாளில் வரைந்தவை. அந்த நினைப்பில் சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து, அகலத் தூரிகையால் ஒரு தாளுக்கு இரண்டு பக்கமும் பூசிக் காயவைத்தேன். சொட்டுச் சோதனையில் இருபது விநாடி இரண்டு நிமிடமாக உயர்ந்தது. சந்தோஷமாக வாஷ் போட்டேன். புள்ளி குறைந்திருந்தது, ஆனால் தூரிகை இழுபட்டது, இரண்டாவது முறை தடவின இடத்தில் கஞ்சி இளகி வழுவழுவென்று வண்ணத்தோடு சேர்ந்து எழுந்தது. பழைய காலத்தவர்கள் அந்தத் தாளில் கெட்டியான வண்ணத்தை நுனித் தூரிகையால் வைத்தார்கள். என்னைப்போல் தாளை வெள்ளத்தில் நனைக்கவில்லை. கல்லால் மெருகேற்றும் வேலையையும் நான் விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்தத் தாளை எடுத்தால் ஓரம் முழுக்க இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. மாவுச்சத்து என்றால் அவற்றுக்கு விருந்து. கஞ்சி அதோடு சரி.

அப்புறம் ஜெலட்டின். கேக் செய்கிறவர்கள் சாமான் வாங்கும் கடையில் 50 கிராம் பொட்டலம் 110 ரூபாய். இது மாட்டின் எலும்பு, தோல் போன்றவற்றிலிருந்து எடுப்பது. வீட்டில் சைவம். அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

"என்னமோ பண்ணு, என் பாத்திரத்த மட்டும் தொடாத," என்றார் அம்மா. தனியாக ஒரு அலுமினியப் பாத்திரம் 130 ரூபாய், மாடியில் ஒரு சின்ன மின் அடுப்பு. வேலை முழுக்க அங்கேதான்.

முதல் தடவை கெட்டியாக இருந்தால் நல்லது என்று 500 மி.லி. தண்ணீருக்கு 25 கிராம் போட்டேன், அதாவது 5 சதவீதம். பூசின தாள் காய்ந்ததும் கண்ணாடிபோல் மினுங்கியது, வளைத்தால் மொறமொறவென்று சத்தம். வண்ணம் பூசினால் சேம்பு இலையில் விழுந்த தண்ணீர்போல் உருண்டு உருண்டு நின்றது. பூசின இரண்டு தாளும் போயின. ஒன்றை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பசையைக் கொஞ்சம் இறக்கப் பார்த்தேன், சீராக வரவில்லை.

இரண்டாவது தடவை 500 மி.லி.க்கு 10 கிராம், 2 சதவீதம். இதுதான் சரியான அளவு என்று இப்போது தைரியமாகச் சொல்வேன். செய்முறை இப்படி: பச்சைத் தண்ணீரில் ஜெலட்டினைத் தூவிக் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். நேராகச் சூட்டில் போட்டால் கட்டி கட்டியாகத் திரளும். ஊறி உப்பினதும் அந்தப் பாத்திரத்தை இன்னொரு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். 60 டிகிரி போதும், தளதளவென்று கொதிக்கவிட்டால் ஜெலட்டின் வலுவிழந்துவிடும். என்னிடம் சமையல் வெப்பமானி இருந்தது. இல்லாவிட்டாலும், விரலை வைத்தால் பொறுக்க முடியாமல் இழுத்துக்கொள்கிற சூடு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சூட்டிலேயே 3 அங்குல மென்மையான தூரிகையால், 90 ரூபாய், தாளின் ஒரு பக்கம் முழுக்க நிறுத்தாமல் பூசி, உடனே திருப்பி மறுபக்கம். ஒரு அரைத்தாளுக்கு இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 80 மி.லி. செலவாகிறது, 500 மி.லி. ஆறு தாளுக்கு வரும்.

படிகாரம் சேர்த்தால் ஜெலட்டின் கெட்டிப்படும் என்பதும் பழைய வழக்கம்தான். ஆனால் படிகாரம் அமிலத்தன்மை கொண்டது, நாள்பட்டால் தாளையே மஞ்சளாக்கி முறியவைக்கும். நான் போடவில்லை, போடாமலே வேலை நடந்தது.

காயவைப்பதிலும் ஒரு தாளை வீணாக்கினேன். மாடிக் கொடியில் கிளிப் போட்டு நல்ல வெயிலில் தொங்கவிட்டேன், முக்கால் மணி நேரத்தில் அப்பளம்போல் சுருண்டது. மேல்பக்கம் பசை காய்ந்து கீழ்ப்பக்கத்துக்கு வழிந்து ஓரத்தில் தடித்துவிட்டது. அடுத்தவற்றை நிழலில், கொசுவலைத் துணியை நாற்காலிகளுக்கு இடையே இழுத்துக் கட்டி அதன் மேல் படுக்கவைத்தேன். அரை நாள் ஆனது. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே வைத்து மேலே நான்கு செங்கல் ஏற்றினேன், மறுநாள் காலையில் தட்டையாக இருந்தன. மீந்த கரைசலை ஃபிரிட்ஜில் வைக்க வீட்டில் இடமில்லை. வெளியே வைத்தது இரண்டாம் நாளே வாடை அடித்தது, கொட்டிவிட்டேன். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கரைப்பது நல்லது.

கணக்கு: 14 தாளில் கஞ்சிக்கு ஒன்று, கெட்டி ஜெலட்டினுக்கு இரண்டு, வெயிலுக்கு ஒன்று. மிச்சம் பத்து. பத்தில் இரண்டில் கண்ணுக்கே தெரியும் பழுப்புப் புள்ளிகள் இருந்தன, பூஞ்சை ஏறினவை. பசை பூசினாலும் அந்தப் புள்ளி போகாது, வண்ணமும் அங்கே வேறு மாதிரிதான் பிடிக்கிறது. அவற்றை வெட்டிச் சோதனைப் பட்டைகளாக்கிக்கொண்டேன். ஆக முழுசாகப் பிழைத்தது எட்டு. சொட்டுச் சோதனையில் அவை நான்கரை முதல் ஐந்து நிமிடம் வரை தாங்கின. புதுத் தாளின் ஆறு நிமிடத்தைத் தொடவில்லை. ஆறு நிறத்தையும் மறுபடி பூசிப் பார்த்தேன், ஐந்தில் புள்ளி அறவே இல்லை. தாலோ நீலத்தில் மட்டும் ஓரத்தில் மூன்று நான்கு, விரலால் காட்டினால்தான் தெரியும். தேய்த்து எடுப்பது புதுத் தாளைவிடக் கொஞ்சம் எளிதாகவே இருக்கிறது, மேலே புதுப் பசை இருப்பதால் இருக்கலாம். சொரசொரப்பு ஒரு இம்மி குறைந்திருக்கிறது, அதனால் அல்ட்ராமரைனின் குருணையும் கொஞ்சம் குறைவு. எனக்கு அது ஒரு இழப்புதான்.

செலவு: ஜெலட்டின், பாத்திரம், தூரிகை எல்லாம் சேர்த்து 330 ரூபாய். பிழைத்த எட்டுத் தாள் 1,120 ரூபாய் பெறும். சோதனைக்காக வாங்கின தராசையும் ஈரப்பதமானியையும் சேர்த்தால் லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் அவை இரண்டும் இனிமேலும் உழைக்கும்.

வெயில் சோதனையையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பருத்தித் தாளின் ஆறு பட்டைகளையும் பாதி கறுப்பு அட்டையால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னலில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை ஒட்டி வைத்திருந்தேன். அலிசரின் கிரிம்சன் இரண்டே மாதத்தில் மூடின பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் வெளுத்துவிட்டது. மெல்லிய பூச்சு உள்ள இடத்தில் கிட்டத்தட்ட காணவே இல்லை. குவினாக்ரிடோன் ரோஸில் என் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நான் பரிசாகக் கொடுத்த படங்களில் எத்தனையில் அலிசரின் போட்டிருக்கிறேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இரண்டு பேரிடம் சொல்லிப் படத்தை வெயில் படாத சுவருக்கு மாற்றச் சொன்னேன். அந்த டியூபைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், இனி ரோஸும் கொஞ்சம் பர்ன்ட் சியன்னாவும் கலந்து அந்தச் சிவப்பை எடுத்துக்கொள்கிறேன்.

மறுபடி செய்வதானால் ஆறு நிறம் எடுக்க மாட்டேன். அல்ட்ராமரைனும் தாலோ நீலமும் போதும். ஒன்று குருணையைக் காட்டும், இன்னொன்று கறையையும் புள்ளியையும் காட்டும். சொட்டுச் சோதனையை முதலில் செய்து, அதில் தோற்ற தாளுக்கு வண்ணமே செலவழிக்க மாட்டேன். கஞ்சியை முயல்வதாக இருந்தால் முழுத் தாளில் இல்லை, கைக்கடக்கமான துண்டில். ஜெலட்டினையும் 1, 2, 3 சதவீதம் என்று மூன்று துண்டில் பார்த்திருக்க வேண்டும். 5-இல் ஆரம்பித்தது அவசரம்.

தாள் இப்போது பீரோவில் இல்லை. உள் அறைச் சுவர்ப் பக்கம், தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில், ரப்பர் பட்டை வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் படுக்கையாக வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் நடுவே பட்டர் பேப்பர். பெட்டிக்குள் அரை கிலோ சிலிக்கா ஜெல், 180 ரூபாய், ஆரஞ்சு நிற ரகம். ஈரம் குடித்துப் பச்சையானால் அந்த அலுமினியப் பாத்திரத்தில் போட்டு மெல்லிய சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இந்த வேலை இருக்கிறது. ஈரப்பதமானி உள்ளே 52-க்கும் 58-க்கும் நடுவே நிற்கிறது. ஒவ்வொரு தாளின் பின்மூலையிலும் வாங்கிய மாதம், பசை பூசின மாதம் பென்சிலால் எழுதியாயிற்று. இனி ஒரு தடவைக்கு ஐந்து தாளுக்கு மேல் வாங்குவதில்லை.

எட்டில் ஒன்றில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வானம். இன்னொன்றை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினதும் மூலையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போனார். மிச்சம் ஆறு. ஒன்றைத் தொடாமல் பெட்டியிலேயே விட்டு வைக்கப் போகிறேன், ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பழைய பீரோவில் பாலித்தீன் இல்லாமல் வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் இரண்டிலும் ஒரு சொட்டு வைத்து நேரம் பார்க்க வேண்டும்.